அலையாத்திக் கோட்டையின் அணைந்த விளக்கு

கார்த்திகை மாதத்து முழுநிலா கீழைக்கடலின் விளிம்பில் தலைகாட்டிய அந்த அந்திப் பொழுதில், சோழ மண்டலக் கரையெங்கும் ஊர்தோறும், கோயில்தோறும், குடிசைதோறும் அகல் விளக்குகள் வரிசை வரிசையாகக் கண் திறந்துகொண்டிருந்தன. மாடங்களில் தீபம் ஏறியது. கிணற்றடியில் தீபம் ஏறியது. மாட்டுக் கொட்டிலின் குப்பைமேட்டில்கூட ஒரு சிட்டி விளக்கு மினுங்கியது. ஆனால் வாசக நேயர்களே, கோடிக்கரைக்கு வடக்கே, அலையாத்திக் காடுகளின் நடுவில் உப்புக்காற்றுப் பட்டுக் கறுத்து நின்ற சிறு கோட்டை ஒன்றின் பக்கம் மட்டும் நாம் விளக்குத் தேடிப் போக வேண்டாம். அங்கே அன்று ஒரு திரிகூட எரியவில்லை. அலையாத்திக் கோட்டையில் இழவு விழுந்திருந்தது.

கோட்டையின் கடல் பக்கத்து மூலையில் ஒரு விளக்குமேடை உண்டு. கருங்கல்லால் கூண்டு அடைத்து, கடலை நோக்கி மட்டும் ஒரு கண் வைத்து, உள்ளே குடம் குடமாக இலுப்பை எண்ணெய் குடிக்கும் பெருவிளக்கு ஒன்றை அந்தக் கோட்டையை ஆண்டவர்கள் வழிவழியாக எரித்து வந்தார்கள். கரைக்கு முன்னால் நீருக்குள் மறைந்து கிடக்கும் பாறைத் தொடரை அந்த ஊரார் ‘பார்’ என்பார்கள். விளக்கை வலப்புறம் வைத்து வந்தால் பாரின் இடைவெளி வழியாகத் தோணி பத்திரமாகக் கரை சேரும். தவறினால் அடிப்பலகை சுக்குநூறாகும். எத்தனையோ புயல்களுக்கு அசையாத அந்த விளக்கு, சென்ற அமாவாசைப் புயலில் அணைந்தது. அதே இரவில்தான் ஈழத்துக்கு யானை விலை பேசப் போயிருந்த இளைய அரசர் விசயகூத்தத் தேவரின் தோணி, பாரில் மோதி உடைந்தது. அரச முத்திரை பொறித்த ஒரு பலகை மட்டும் கரை ஒதுங்கிற்று. அன்றிலிருந்து அந்தக் கல்கூண்டு இருண்டே கிடந்தது.

இந்த இருட்டுக்கு எதிரே, பாருக்கு அப்பால் ஆழக்கடலில், ஒல்லாந்தரின் வணிகக் கப்பல் ஒன்று அன்று நண்பகல் முதல் நங்கூரமிட்டு நின்றது. அதன் நடுப் பாய்மரம் பாதியில் ஒடிந்து, ஒட்டுக்கட்டை வைத்துக் கட்டப்பட்டிருந்தது. குடிநீர் வேண்டும் என்று சொல்லி ஒரு துபாஷி, அதாவது இரு பக்கத்துப் பேச்சையும் பெயர்த்துச் சொல்லும் ஆள், சிறு படகில் கரைக்கு வந்திருந்தான். துக்க வீட்டில் தண்ணீருக்கா பஞ்சம்? எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் அவனை யாரும் கவனிக்கவில்லை.

எல்லோருடைய கண்ணும் கடற்கரை மண்டபத்தின் மேல் இருந்தது. அங்கே, இறந்த அரசரின் மனைவி மீனலோசனி நாச்சியார், அரக்கு நிறப் பட்டுடுத்து, நெற்றி நிறையக் குங்குமம் துலங்க, வரிசையில் வந்தவர்க்கெல்லாம் தன் கையால் மஞ்சளும் பூவும் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். இன்னும் சற்று நேரத்தில் அவள் சாகப் போகிறாள்.

ஐயோ, இதென்ன கொடுமை என்று நீங்கள் பதறுவது எனக்குக் கேட்கிறது. என்ன செய்வது! அந்தக் கோட்டையின் வழக்கம் அது. நிலத்தில் இறந்த அரசனுக்குத் தீ. கடலில் இறந்தவனுக்கு உடல் ஏது? தருப்பைப் புல்லால் உருவம் செய்து அதைத்தான் கொளுத்துவார்கள். அவன் மனைவியைக் கருமாதி நாள் மாலையில் படகேற்றி, பாருக்கு வெளியே கொண்டுபோய், ஒரு கட்டுமரத்தில் ஒற்றை விளக்கோடு உட்கார வைத்துவிட்டுத் திரும்புவார்கள். கடலேற்றம் என்று அதற்குப் பெயர். கயிற்றை அவிழ்த்த பிறகு துடுப்புப் போடுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கரையில் நிற்கும் ஊரும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். எவன் திரும்பிப் பார்க்கிறானோ அவனைக் கடல் தேடி வரும் என்பது அவர்களுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மீறிய ஒருவனும் அதுவரை அந்தக் கரையில் பிறந்ததில்லை.

மீனலோசனியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதைச் சொல்லாவிட்டால் கதைக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். புல்லுருவம் எரிந்த அன்று அவளே, “என்னையும் அனுப்பிவிடுங்கள்” என்றாள். அவர் இல்லாத அரண்மனையில் அவர் குடித்த செம்பையும், அவர் சாய்ந்த தூணையும் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட, அவர் போன தண்ணீருக்குள் போவது எளிதாகப் பட்டது அவளுக்கு. விசயகூத்தர் இருந்திருந்தால் ஒருக்காலும் விட்டிருக்க மாட்டார். அவருடைய தாயாரும் இதே கரையிலிருந்து இதே போலப் போனவள்தான். “எனக்கு ஏழு வயது, மீனா. அம்மா படகில் ஏறும்போது என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திவிட்டார்கள். கடைசியாக என் முதுகைத்தான் அவளுக்குக் காட்டினேன்” என்று ஒரு நாள் அவர் சொல்லியிருக்கிறார். “உன்னை அப்படி அனுப்ப விடமாட்டேன்” என்று அவர் சொன்னபோது, “நீங்கள் முந்திக்கொண்டால் அல்லவா அந்தப் பேச்சு!” என்று அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்கு நெஞ்சு வெந்தது.

வரிசையில் துபாஷியும் வந்து நின்றான். நாகப்பட்டினத்துக்காரன், அனந்தப்பன் என்று பெயர். ஒட்டிய கன்னம், ஓயாத கண். இரண்டு கையாலும் ஒரு வெற்றிலைச் சுருளை நீட்டி, குனிந்து, உதடு அசையாமல் சொன்னான்:

“தாயே, வாங்கிக்கிட்டு முகத்தை மாத்தாதீங்க. உள்ள ஒண்ணு இருக்கு. பாருக்கு வெளிய விட்டதும் அவசரப்பட்டுக் குதிச்சிராதீங்க. விளக்கை அணைக்காம வச்சிருங்க. எங்க படகு வரும்.”

மீனலோசனி சுருளை விரலால் அழுத்தினாள். உள்ளே வட்டமாக, குளிர்ச்சியாக ஏதோ தட்டுப்பட்டது. பூக்கூடைக்குள் கையை விட்டு, பூவுக்கு அடியில் சுருளைப் பிரித்தாள். மோதிரம். மீன் பொறித்த மோதிரம். மீனின் வால் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம். வேட்டைக்குப் போனபோது பாறையில் உரசி அந்தப் பள்ளம் விழுந்தது. அதை எத்தனை முறை அவள் தன் நகத்தால் தடவியிருக்கிறாள்! ஈழத்துக்குத் தோணி ஏறிய காலையில் அது அவர் விரலில் இருந்தது.

அவள் அவன் பக்கம் குனிந்தாள். “அவர்... அவர் கப்பலில் இருக்கிறாரா?” என்றாள்.

அனந்தப்பன் வாயைத் திறந்தான். அதற்குள் காவலர்கள், “ஒதுங்கு, ஒதுங்கு!” என்று கூட்டத்தை விலக்க, அவனும் விலக வேண்டியதாயிற்று. வந்தவர் இறந்த அரசரின் சிற்றப்பா அஞ்சாதகண்ட தேவர். ஆறடி உயரம், தும்பைப்பூ மீசை, நாளை முதல் அந்தக் கோட்டைக்கு அவர்தான் அரசர். கடலில் போனவனுக்கு அடுத்த அமாவாசை வரை காத்திருந்துதான் புல்லுருவம் எரிப்பது என்று ஒரு முறை இருந்தது. “காத்திருந்தால் பிள்ளையின் ஆவி தவிக்கும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை மறுநாளே முடித்து வைத்த நல்லவர் இவர்தான்.

“மகளே, நிலவு ஏறுகிறது. படகு காத்திருக்கிறது” என்றார்.

மீனலோசனியின் நாக்கு நுனிவரை சொல் வந்துவிட்டது. ‘என் கணவர் உயிரோடு இருக்கிறார்!’ என்று ஒரு கூச்சல் போட்டால் போதும். அத்தனை கூட்டமும் கேட்கும். ஆனால் பதினாறு நாளாக மரத்துக் கிடந்த அவளுடைய அறிவு அந்த ஒரு கணத்தில் விழித்துக்கொண்டது.

“சின்ன மாமா, ஒன்று கேட்கலாமா? ஒருவேளை அவர் பிழைத்திருந்து, இன்றோ நாளையோ இந்தக் கரையில் வந்து இறங்கினால் என்ன செய்வீர்கள்?”

தாம்பூலம் மென்றுகொண்டிருந்த அவருடைய தாடை நின்றது.

“ஏன் அம்மா அப்படிக் கேட்கிறாய்?”

“சாகப் போகிறவளுக்கு ஓர் ஆசை. சொல்லுங்கள்.”

“புல்லுருவத்துக்குத் தீ வைத்தாயிற்று. பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று. அப்படி அனுப்பிவைத்தவனுக்கு இந்த மண்ணில் பட்டமும் இல்லை, படுக்கப் பாயும் இல்லை. அந்த முகத்தோடு எது வந்தாலும் அது பேய். பேயை வேலால் குத்திக் கடலுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது முன்னோர் வகுத்தது.” சற்று நிறுத்தி, மிகவும் அன்பாகச் சொன்னார்: “அந்த வேலை நானே எறிவேன், மகளே. அந்தப் பாவம் வேறு யாருக்கும் வர வேண்டாம்.”

மீனலோசனி பூக்கூடைக்குள் மறுபடி கையை விட்டாள். மோதிரத்தை நடுவிரலில் மாட்டி, மீன் பொறித்த முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பி, கையை இறுக மூடிக்கொண்டாள். “சரி, சின்ன மாமா. போகலாம்” என்றாள்.

சங்கு முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள், பாதிக் குலவை அழுகையாக முறிந்தது. பூவால் மூடிய படகில் அவளை ஏற்றினார்கள். பின்னால் ஒரு கட்டுமரம் கயிற்றில் கட்டுண்டு இழுபட்டு வந்தது. அதன்மேல் துளைகள் இட்ட மண்பானைக்குள், கோட்டை அம்மன் சந்நிதியிலிருந்து எடுத்த தீயில் ஏற்றிய சிறுவிளக்கு எரிந்தது. அன்று அந்தக் கரையில் எரிந்த ஒரே விளக்கு அதுதான்.

பாரின் இடைவெளியைத் தாண்டும்போது தண்ணீர் கொந்தளித்தது. இங்கேதான் தோணி உடைந்தது என்று யாரும் சொல்லவில்லை. துடுப்புப் போட்டவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒரே சமயத்தில் தலை குனிந்துகொண்டதிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. பாருக்கு வெளியே வந்ததும் அவளைக் கைகொடுத்துக் கட்டுமரத்தில் இறக்கினார்கள். மூத்த படகோட்டி கயிற்று முடிச்சில் கை வைத்தான், அவிழ்க்கவில்லை.

“தாயீ, எங்க மேல குத்தம் வச்சிராதீங்க. நாங்க கூலிக்குத் துடுப்புப் போடுறவங்க” என்று அழுதான்.

“உன்மேல் எனக்கு என்ன வருத்தம் ஐயா? அவிழ்த்துவிட்டுப் போ” என்றாள் மீனலோசனி.

கயிறு தண்ணீரில் விழுந்தது. படகு திரும்பியது. அத்தனை முதுகுகளும் அவளை விட்டு விலகிப் போயின. தூரத்தில், நிலவொளியில், கரையில் நின்ற ஊர் முழுவதும் ஒரே அசைவில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தான் உண்மையாகவே செத்துப்போய்விட்டோமோ என்று தோன்றியது.

கேளுங்கள் வாசகர்களே, இதுதான் வேடிக்கை. சாவதற்கு என்று தயாராக இருந்த பதினைந்து நாளும் அவள் பயந்ததில்லை. பிழைக்க ஒரு காரணம் கையில் வந்த பிறகு அவளுக்குப் பல் கிட்டியது. அலை ஒவ்வொன்றும் கட்டுமரத்தைத் தூக்கிப் போட்டது. பட்டுச்சேலை நனைந்து கல்லாய்க் கனத்தது. விளக்குப் பானையை மடியில் வைத்து, முந்தானையால் மூடி, குஞ்சைக் காக்கும் கோழியைப் போல அதன்மேல் குனிந்துகொண்டாள். நீரோட்டம் அவளைத் தெற்கே இழுத்தது. கப்பல் வடக்கே இருந்தது. ‘வருவீர்கள், வருவீர்கள்’ என்று மோதிரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வந்தவுடன் அவரை என்ன சொல்லித் திட்டுவது என்றுகூட நினைத்தாள். அடிப்பாவி, எத்தனை ஆசை!

துணி சுற்றிய துடுப்புகளின் மெல்லிய ஓசை கேட்டது. இருட்டிலிருந்து ஒரு படகு முளைத்தது. அனந்தப்பன் எட்டி அவள் கையைப் பிடித்தான். “ஏறுங்க தாயே. பானை எதுக்கு? விட்ருங்க.”

“விடமாட்டேன்” என்று அவள் பானையோடு ஏறினாள். வெறும் கட்டுமரம் அலையோடு கரையை நோக்கி மிதந்து போயிற்று.

கப்பலின் மேல்தளத்தில் கால் வைத்ததும் மீனலோசனியின் கண்கள் பரபரத்தன. தாரின் நெடி, உப்புக்கறை படிந்த பாய்கள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நரைத்தாடிக் கப்பித்தான் ஒருவர். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த அறைக் கதவு திறந்தது. விசயகூத்தர் தோணி ஏறும்போது போர்த்தியிருந்த கருநீலச் சால்வையைப் போர்த்தி, தலை குனிந்து ஒருவன் வெளியே வந்தான். அவள் இரண்டடி ஓடினாள். மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள்.

நடை வேறு. தோள் வேறு. அந்த மனிதன் முகத்தை நிமிர்த்தினான். தோணியின் சுக்கான் பிடித்த சந்தியாகு.

“நாச்சியா...” என்றவன் முழந்தாளிட்டுவிட்டான். அவனுடைய வலக்கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது.

“அவர் எங்கே?”

சந்தியாகு இடக்கையால் சால்வையைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான்.

“சந்தியாகு, அவர் எங்கே என்று கேட்கிறேன்!”

“இந்தத் தண்ணியிலதான் நாச்சியா. பாருக்கு வெளிய, நாம நிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்க. இந்த உலாந்தாக்காரங்க பாய்த்துணியில சுத்தி, காலுல குண்டு கட்டி, மரியாதையா இறக்குனாங்க. நான் பக்கத்துல இருந்தேன்.”

மீனலோசனி கத்தவில்லை. பானையை மட்டும் மெதுவாகத் தளத்தில் இறக்கி வைத்தாள். “அப்படியானால் இந்த மோதிரம் யார் அனுப்பியது?”

“எசமானேதான். எங்களுக்குப் பலகை ஒண்ணு அகப்பட்டுச்சு. அவருக்கு மார்ல பாறை அடிச்சிருந்துது. அந்தப் புயல்ல, தன் பாய்மரமே ஒடிஞ்சு கிடக்கிறப்ப, இந்தக் கப்பித்தான் படகை இறக்குனாரு. வேற எவனும் இறக்க மாட்டான் நாச்சியா. எங்களைத் தூக்கிப் போட்டாங்க. மறுநாள் பொழுது சாயுற வரைக்கும் எசமானுக்கு உசிரு இருந்துச்சு. வலியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ‘அவளைக் கடலேத்திருவாங்க, சந்தியாகு. எங்க அம்மாவை அனுப்புன மாதிரி அனுப்பிருவாங்க’ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. மோதிரத்தைக் கழட்டிக் குடுத்து, கப்பித்தான் கையைப் பிடிச்சு வாக்கு வாங்குனாரு.”

“உண்மையைச் சொல்லி அனுப்பியிருக்கலாமே? பொய்யைக் காட்டி என்னை இழுத்து வந்தாயா, பாவி!”

“அப்படித்தான் நானும் கேட்டேன். ‘நான் செத்துட்டேன்னு சொன்னா அவ வரமாட்டா. மோதிரத்தை மட்டும் காட்டு, வருவா’ன்னாரு.” சந்தியாகு அழுதான். “உங்களை அவருக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்குத் தெரியுமா நாச்சியா?”

அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. செத்தும் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று ஆத்திரம். செத்துக்கொண்டே தன்னை நினைத்தார் என்று தாங்க முடியாத பாசம். இரண்டும் சேர்ந்து அவளைக் கப்பலின் விளிம்புக்கு உந்தின. கைப்பிடிக் கட்டையைப் பற்றி ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள். கீழே நிலவு சிதறிக் கிடந்த கறுப்புத் தண்ணீர். அதற்கு அடியில் அவர்.

கப்பித்தான் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கரகரத்த குரலில் ஏதோ சொன்னார். அனந்தப்பன் அவசர அவசரமாகப் பெயர்த்தான்:

“தாயே, கப்பித்தான் சொல்றாரு: ‘உங்க புருசனுக்குக் கை குடுத்தேன். அப்புறம் காத்து தெக்க இழுத்துட்டுப் போன தூரத்திலேருந்து, ஒட்டுப்போட்ட மரத்தோட, எதிர்க்காத்துல, என் ஆளுங்க முணுமுணுக்க முணுமுணுக்கத் திரும்பி வந்தேன். நீங்க குதிச்சா மறுபடியும் படகை இறக்குவேன். எத்தனை வாட்டி குதிச்சாலும் அத்தனை வாட்டி தூக்குவேன். எனக்கு வேற வேலை இல்ல.’ மனுசன் சொன்னா செய்வாரு தாயே.”

வேறொரு சமயமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது கட்டையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்து, பதினாறு நாளாக அழாத அழுகையை எல்லாம் அழுதாள். தன் ஊரில் யாரும் அப்படி அழ அவளை விடவில்லை. கடலேறப் போகிறவள் தெய்வம், தெய்வம் அழலாமா என்றார்கள். அந்த அந்நியக் கப்பலில் அவளை யாரும் தடுக்கவில்லை.

அழுகை ஓய்ந்த பிறகு சந்தியாகு தயங்கித் தயங்கி அருகே வந்தான்.

“இன்னொண்ணும் சொல்லணும் நாச்சியா. இதை எசமான்கிட்டக்கூடச் சொல்லல; நிம்மதியாப் போகட்டும்னு விட்டுட்டேன். அன்னிக்கி நான் சுக்கானைத் தப்பாப் பிடிக்கல. மழைக்குள்ள விளக்கைப் பாத்தேன். அதை வலப்புறம் வச்சுத்தான் வந்தேன். தோணி மோதுன பொறவுதான் தெரிஞ்சுச்சு, அது நம்ம விளக்கு இல்ல. தென்முனையில யாரோ தீ மூட்டியிருந்தாங்க. கோட்டை விளக்கு அணைஞ்சு கிடந்துச்சு.”

மீனலோசனி விறைத்துப்போனாள். அந்த இரவு அவள் கண்முன் வந்தது. சாளரத்தில் நின்று அவளும் பார்த்தாள்: மேடையில் இருட்டு, தென்முனையில் நெருப்பு. பதறிப்போய்ச் சின்ன மாமாவிடம் ஓடினாள். “விளக்கைக் காற்று அணைத்துவிட்டது, மகளே. காவல்காரனுக்கு இன்று காய்ச்சல். வேறு ஆள் அனுப்பியிருக்கிறேன். அந்த நெருப்பா? யாரோ பிணம் சுடுகிறார்கள்” என்றார் அவர். கல்கூண்டுக்குள் எரியும் விளக்கைக் காற்று எப்படி அணைக்கும்? கொட்டுகிற மழையில் எவன் பிணம் சுடுவான்? அன்றைக்கு இந்த இரண்டையும் கேட்காமல், தலையை ஆட்டிவிட்டுப் பூசையறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கணவருக்காக வேண்டிக்கொள்ள!

“எனக்குக் கரையைப் பார்க்க வேண்டும்” என்றாள்.

கப்பித்தான் தம் தூரக்கண்ணாடியை நீட்டினார். அதைக் கண்ணில் வைக்க அவளுக்குத் தெரியவில்லை. அவரே பிடித்துக் காட்டினார். நிலா நன்றாக ஏறிவிட்டது. வெண்மணலில் ஊர் முழுவதும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நிலா உச்சிக்கு வரும் வரை அப்படியே நிற்க வேண்டும். ஆணும் பெண்ணும் குழந்தையும் அத்தனை பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். வெள்ளை முண்டாசுகளும், பின்னிய கூந்தல்களும், குனிந்த பிடரிகளும் மட்டுமே தெரிந்தன.

அந்த முதுகுகளின் நடுவே ஒரே ஒரு முகம் இருந்தது.

ஆறடி உயரம். தும்பைப்பூ மீசை. கையை நெற்றிக்குமேல் வைத்து, கடலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் அஞ்சாதகண்ட தேவர். ஊருக்கெல்லாம் முறை சொன்னவர்; பேய்க்கு வேலெறிவேன் என்றவர். அவள் செத்தாளா என்று தெரியாமல் அவரால் முதுகைத் திருப்ப முடியவில்லை. அந்த ஒரு முகம் அவளுக்குப் போதுமாக இருந்தது. இதற்குமேல் வேறு சாட்சி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவள் எழுந்து விளக்குப் பானையைக் கையில் எடுத்தாள். கப்பித்தான் முகம் சுளித்துத் தலையசைத்தார்.

“பொழுது சாஞ்சா கப்பல்ல வெறுந்தீ கூடாது தாயே. கீழ வெடிமருந்து இருக்கு. அணைச்சிரச் சொல்றாரு” என்றான் அனந்தப்பன்.

“இது எங்கள் கோட்டைத் தீ. இதை அணைத்தால் என்னையும் அணைத்ததாக எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள்.”

கப்பித்தான் அவளையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு தாமே கப்பலின் பின்முனைக்குப் போய், அங்கே தொங்கிய கண்ணாடிக் கூண்டு விளக்கின் கதவைத் திறந்து, உள்ளே எரிந்த தீயை ஊதி அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மீனலோசனி பானையிலிருந்த சுடரைத் திரியில் எடுத்து அந்தக் கூண்டுக்குள் ஏற்றினாள். கண்ணாடி பொன்னாக ஒளிர்ந்தது. கரையில் அந்த ஒற்றை முகம் சட்டென்று பின்வாங்கியதைத் தூரக்கண்ணாடியில் பார்த்த சந்தியாகு, “ஆத்தாடி!” என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

நங்கூரம் மேலே வந்தது. எங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று கப்பித்தான் கேட்டனுப்பினார். மீனலோசனி மோதிரக் கையைக் கூண்டின்மேல் வைத்தாள், கண்ணாடியின் சூடு உள்ளங்கையைச் சுட்டது, அவள் எடுக்கவில்லை.

“நாகப்பட்டினத்தில் இறக்கட்டும். சந்தியாகு, நீ சாட்சி. தோணி மோதிய பாறையும் சாட்சி. இந்தத் தண்ணீருக்குள் கிடக்கிற என் கணவரும் சாட்சி. அவரைப் புல்லாக எரித்தார்கள். எனக்கு முதுகைக் காட்டி அனுப்பினார்கள். நல்லது, நான் செத்தவளாகவே இருக்கிறேன். இந்தத் தீயை என் கையால் அந்தக் கல்கூண்டில் திரும்ப வைக்கும் வரை யாரும் என்னை மீனலோசனி என்று அழைக்க வேண்டாம். அழைத்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். வைத்த அன்று முதல் இந்தக் கரையில் ஒரு பெண்ணையும் கடலேற்ற விடமாட்டேன். அந்த வெளிச்சத்தில் ஊரைத் திருப்பி நிறுத்தி, தென்முனையில் தீ மூட்டியவன் முகத்தைக் காட்டுவேன். இது விசயகூத்தர் மேல் ஆணை!”

சந்தியாகு தன் இடக்கையால் நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டான். அனந்தப்பன் பெயர்த்துச் சொல்ல வாயெடுத்தான். கப்பித்தான் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவருக்குப் புரிந்திருந்தது.

ஒட்டுப்போட்ட பாய்மரம் முனகியது. வாடைக்காற்றுக்கு எதிரே கப்பல் மெல்ல மெல்ல வடக்கே திரும்பிற்று. அவர் கிடக்கும் இடத்தின் மேலாகத்தான் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். விளிம்பில் நின்று குனிந்து, தலையில் இருந்த பூவை எல்லாம் எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

“எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, ஐயா” என்று துபாஷியிடம் சொன்னாள். “திரும்பிப் பார்த்தவனைக் கடல் தேடி வருமாம். உங்கள் கப்பித்தானிடம் சொல்லுங்கள்: அந்தக் கரையில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அவரைத் தேடி நான் வருவேன்.”